டேனி தாமஸ்

டேனி தாமஸ் (6 ஜனவரி 1912 – 6 பிப்ரவரி 1991) அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர், பாடகர், நடிகர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையை நிறுவியவர். 1950களில் அமெரிக்க வீடுகள் அவரை ஒரு தொலைக்காட்சித் தொடரின் அப்பாவாக அறிந்திருந்தன. இன்று அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மருத்துவமனையின் பெயரோ உலகெங்கும் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் அறிந்த பெயர். கையில் காசில்லாத நாளில் செய்த ஒரு நேர்த்திக்கடனைப் பெயரும் பணமும் வந்த பிறகும் மறக்காமல், தன் சமூகத்தையே கூட்டிக்கொண்டு நிறைவேற்றியவர் என்பதே அவருடைய வாழ்க்கையின் தனிச்சிறப்பு.

பிறப்பும் இளமையும்

அவருடைய இயற்பெயர் ஏமஸ் முஸ்யாத் யாக்கூப் கைரூஸ். மிச்சிகன் மாநிலத்தின் டியர்ஃபீல்டில் பிறந்தார். பெற்றோர் லெபனான் மலைப்பகுதியின் ப்ஷர்ரி என்னும் ஊரிலிருந்து குடியேறிய மரோனைட் கத்தோலிக்கர்கள். தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கலீல் ஜிப்ரானின் சொந்த ஊரும் அதுதான். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம் அது. ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் அவர் வளர்ந்தார். சித்தப்பா பெரியப்பா, அத்தை மாமா என்று உறவுகள் ஒரே தெருவில் நெருங்கி வாழ்ந்த குடியேறிகள் பேட்டையில், டோனி என்ற உறவினரும் அவர் மனைவி ஜூலியாவுமே ஏமஸைப் பெரும்பாலும் வளர்த்தார்கள்.

தாயைப் பற்றி அவர் சொன்ன நினைவு ஒன்று பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் போலத் தெரிகிறது. கைக்குழந்தையாக இருந்த தம்பியை எலி கடித்து, வலிப்பு கண்டு, பிழைப்பானா என்ற நிலை வந்தது. பிள்ளை பிழைத்தால் ஓராண்டு வீடு வீடாகக் கையேந்தி ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்று தாய் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். வறுமையில் இருந்த அந்தப் பெண் சொன்னபடியே மடிப்பிச்சை எடுத்து, வந்த சில்லறையைப் பிறருக்குக் கொடுத்தார். தனக்காக அன்றிப் பிறருக்காகக் கையேந்துவதில் இழிவில்லை என்பதை மகன் சிறு வயதிலேயே கண்டான். பின்னாளில் செல்வந்தர்களிடமும் தொழிலாளிகளிடமும் கூச்சமின்றி நன்கொடை கேட்ட அந்தக் கலைஞனுக்கு முதல் ஆசிரியர் தாய்தான் என்று சொல்லலாம்.

பையனாக இருந்தபோது டொலிடோவின் கேளிக்கை அரங்கு ஒன்றில் சோடா விற்றான். மேடையில் விதூஷகர்கள் சிரிப்பை வரவழைக்கும் விதத்தையும், எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் வெடிக்கும் என்பதையும் அங்கிருந்தபடியே பார்த்துப் பழகினான். உட்வர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும் கல்வி அங்கே முடியவில்லை, மேடையில்தான் தொடர்ந்தது.

டெட்ராயிட்டிலிருந்து சிகாகோ வரை

1932இல் டெட்ராயிட் நகர வானொலியில் ஒரு கேளிக்கை நிகழ்ச்சியில் நுழைந்தார். ஏமஸ் ஜேக்கப்ஸ் என்பது அப்போது அவர் வைத்துக்கொண்ட பெயர். அங்கே பாடகியாக இருந்த ரோஸ் மேரியைச் சந்தித்து 1936 ஜனவரியில் மணந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் மூத்த மகள் மார்லோ பிறந்தாள். பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம்; இரவு விடுதிகளில் கிடைத்த கூலி வீட்டு வாடகைக்கே போதாது.

அவர் வாழ்க்கையில் மிகுதியும் சொல்லப்படும் நிகழ்ச்சி இந்தக் காலத்தில் நடந்தது. மனைவியின் பிரசவச் செலவை எப்படிக் கட்டுவது என்று தெரியாத நிலையில் டெட்ராயிட்டில் ஒரு தேவாலயத்துக்குப் போனார். மனம் நெகிழ்ந்து கையிலிருந்த ஏழு டாலரையும் உண்டியலில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் வீட்டு நிலை உறைத்தது. இது பத்து மடங்காகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் வானொலி விளம்பரம் ஒன்றில் பாடும் பல்துலக்கியாகக் குரல் கொடுக்க அழைப்பு வந்தது. கூலி 75 டாலர். இதை அற்புதம் என்று கொள்வதும் தற்செயல் என்று கொள்வதும் அவரவர் நம்பிக்கை. தாமஸ் அற்புதமாகவே கொண்டார்.

நம்பிக்கையற்றுப் போனவர்களின் பாதுகாவலராகக் கத்தோலிக்கர்கள் வணங்கும் புனித யூதா ததேயுவிடம், அதாவது ஆங்கிலத்தில் செயின்ட் ஜூட் எனப்படுபவரிடம், அவர் ஒரு வேண்டுதல் வைத்தார். மளிகைக் கடை வேலைக்குப் போய்விடலாமா, இந்தத் தொழிலிலேயே இருக்கலாமா என்று தடுமாறிய நேரம் அது. வாழ்வில் எனக்கு வழி காட்டினால் உமக்கு ஓர் ஆலயம் எழுப்புகிறேன் என்பதே அந்த வேண்டுதல். ஆலயம் என்றால் எந்த வகை, எங்கே, எத்தனை பெரிது என்றெல்லாம் அன்று அவர் நினைக்கவில்லை.

1940இல் சிகாகோவுக்குப் போனார். வடக்கு பிராட்வே சாலையில் இருந்த 5100 கிளப் என்ற இரவு விடுதியில் மேடையேறியபோது, மறுபடி விடுதிக் கூத்துக்குத் திரும்பிவிட்டதை உற்றார் உறவினர் அறியக் கூடாதென்று பெயரை மாற்றிக்கொண்டார். இரு சகோதரர்களின் பெயர்களை இணைத்து டேனி தாமஸ் ஆனார். ஒளிந்துகொள்ள வைத்த பெயரே ஊரறிந்த பெயராயிற்று.

கதைசொல்லி

அந்த விடுதியில்தான் அவருடைய தனி வழி தெரிந்தது. அக்கால நகைச்சுவைக் கலைஞர்கள் பலர் வரிக்கு வரி துணுக்குகளை அடுக்கினார்கள். தாமஸ் கதை சொன்னார். ஒரே கதையைப் பத்து நிமிடம் இழுப்பார்; பாத்திரங்களின் பேச்சு வழக்குகளை மாற்றி மாற்றிப் பேசுவார்; நடுவே உருக்கமும் வரும். லெபனானியர், யூதர், ஐரிஷ்காரர், இத்தாலியர் என்று அமெரிக்க நகரங்களில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்த குடியேறிகளின் குரல்கள் எல்லாம் அவர் தொண்டையில் இருந்தன. அவர்களோடு வளர்ந்தவர் என்பதால் அந்தக் குரல்களில் ஏளனம் குறைவு, உறவுரிமை அதிகம்.

அவருடைய கதைகளில் மிகவும் பெயர் பெற்றது ஜாக்கிக் கதை. இரவில் ஆளில்லாச் சாலையில் ஒருவனுடைய காரின் டயர் பஞ்சராகிவிடும். கையில் ஜாக்கி இல்லை. தூரத்தில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி நடக்கத் தொடங்குவான். ஒரு டாலர் கேட்பானோ என்று முதலில் நினைப்பான். இரவு நேரம், ஐந்து கேட்பான். என் அவசரம் தெரிந்தால் இருபது கேட்பான். நடக்க நடக்கத் தொகை ஏறும், கோபமும் ஏறும். கதவைத் தட்டி, ஆள் சிரித்த முகத்தோடு திறந்ததும், உன் ஜாக்கியை நீயே வைத்துக்கொள் என்று கத்திவிட்டுத் திரும்பிவிடுவான். எளிய கதைதான். ஆனால் மனிதன் தனக்குள்ளேயே பகையை வளர்த்துக்கொள்ளும் விதத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மேடைக் கதைகள் குறைவு.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அதிர்ச்சியான செய்தி காதில் விழ, வாயிலுள்ளதைப் பீச்சியடிக்கும் நடிப்பிலும் அவர் வித்தகர். அமெரிக்க நகைச்சுவை உலகில் அந்தச் சேட்டைக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நடிகை மார்லீன் டீட்ரிக்குடன் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் சென்று படைவீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தினார். ஃபேனி பிரைஸின் வானொலித் தொடரில் தபால்காரராக நடித்தார். பிறகு திரைப்படம். ஹாலிவுட் முதலாளிகள் அவருடைய பெரிய மூக்கை அறுவை செய்து சிறிதாக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். டோரிஸ் டேயுடன் நடித்த 1951ஆம் ஆண்டுப் படம் ஒன்றும், மறுஆண்டு வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ மறுவாக்கமும் அவர் படங்களில் குறிப்பிடத்தக்கவை. திரைப்படத்தில் அவர் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. அவருக்கு ஏற்ற இடம் வேறாக இருந்தது.

தொலைக்காட்சி

1953இல் ஏபிசி தொலைக்காட்சியில் ‘மேக் ரூம் ஃபார் டாடி’ தொடங்கியது. தொடரின் பெயர் அவர் வீட்டிலிருந்தே வந்தது. அவர் ஊர் ஊராகச் சுற்றும் நாட்களில் பிள்ளைகள் தாயின் அறையில் படுத்துக்கொள்வார்கள்; அப்பா வந்துவிட்டால் இடம் விட்டு எழுந்து போக வேண்டும். தொழிலுக்காக வீட்டைப் பிரிந்தே இருக்கும் இரவு விடுதிக் கலைஞன், திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அந்நியனாகிவிடுகிறான். தன் வாழ்க்கையின் இந்தக் குறையையே அவர் தொடரின் கருவாக்கினார். கத்துவார், மிரட்டுவார், கடைசியில் பிள்ளைகளிடம் தோற்பார்.

1957இல் சிபிஎஸ்ஸுக்கு மாறி ‘தி டேனி தாமஸ் ஷோ’ என்ற பெயரில் 1964 வரை ஓடியது. மனைவியாக நடித்த ஜீன் ஹேகன் மூன்று பருவங்களுக்குப் பிறகு விலகினார். தாய் இறந்துவிட்டதாகக் கதையை அமைத்து, மனைவியை இழந்தவன் பிள்ளைகளோடு வாழ்வதையும் பிறகு மறுமணம் செய்வதையும் காட்டினார்கள். அக்கால நகைச்சுவைத் தொடர்களில் இது துணிச்சலான முடிவு. மறுமனைவியாக மார்ஜரி லார்ட் நடித்தார். ஹான்ஸ் கான்ரீட் நடித்த லெபனானிய மாமா டனூஸ், டொலிடோவில் தாமஸை வளர்த்த உறவினரின் சாயல். அரபுப் பெயர்கள் அமெரிக்கத் திரையில் பாலைவனக் கொள்ளையருக்கே வைக்கப்பட்ட காலத்தில், அன்பும் பிடிவாதமும் நிறைந்த ஓர் அரபு உறவினர் வாரந்தோறும் வீட்டுக் கூடத்துக்கு வந்து போனார். 1954ஆம் ஆண்டு நடிப்புக்காகத் தாமஸ் எம்மி விருது பெற்றார்.

தயாரிப்பாளராக அவர் செய்தது இதைவிடப் பெரிது என்று கருதுவோரும் உண்டு. ஷெல்டன் லெனார்டுடன் சேர்ந்து ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வையும் ‘டிக் வான் டைக் ஷோ’வையும் தயாரித்தார். முன்னதற்கான வெள்ளோட்டம் 1960இல் தாமஸின் தொடருக்குள்ளேயே ஓர் அத்தியாயமாக வந்தது. மகள் வேடத்துக்கு வந்த இளம்பெண் ஒருவரை, இத்தனை சிறிய மூக்குள்ளவளை என் மகள் என்றால் யார் நம்புவார்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார். பின்னர் ‘டிக் வான் டைக் ஷோ’வுக்கு நாயகி தேடியபோது அவரை நினைவுகூர்ந்து பரிந்துரைத்ததும் தாமஸ்தான். அந்தப் பெண் மேரி டைலர் மூர். 1968இல் ஆரன் ஸ்பெல்லிங்குடன் ‘தி மாட் ஸ்குவாட்’ தொடரைத் தயாரித்தார்.

வேண்டுதல் மருத்துவமனையான விதம்

புகழ் வந்தபின் பழைய வேண்டுதல் அவரை உறுத்தத் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் நண்பர்களோடு இதைப் பற்றிப் பேசினார். பீடமும் சிலையுமாக ஓர் ஆலயம் கட்டுவதைவிட, ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கும் இடமே புனிதருக்கு உகந்த ஆலயம் என்ற எண்ணம் உருவாயிற்று. இடம் காட்டியவர் சிகாகோ பேராயர் கர்தினால் சாமுவேல் ஸ்ட்ரிட்ச். டொலிடோ ஆயராக இருந்தபோது சிறுவன் ஏமஸுக்கு உறுதிபூசுதல் அளித்தவரும் அவரே. டென்னசிக்காரரான ஸ்ட்ரிட்ச், இளம் குருவாகத் தாம் பணியாற்றிய மெம்ஃபிஸைப் பரிந்துரைத்தார். 1955இல் மெம்ஃபிஸ் வணிகர்கள் சிலர் துணைக்கு வந்தார்கள்.

அவர்கள் முதலில் நினைத்தது பொதுவான குழந்தைகள் மருத்துவமனை. அந்த ஊரில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தது. டென்னசி பல்கலைக்கழகத்தில் அரிவாள் செல் ரத்தசோகையை ஆராய்ந்துவந்த டாக்டர் லெமுவல் டிக்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள், தீராதவை என்று கைவிடப்பட்ட நோய்களுக்கு ஆராய்ச்சி மருத்துவமனை வேண்டும் என்றார்கள். தாமஸ் மருத்துவம் அறியாதவர், ஆனால் யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனையின் பிற்காலச் சிறப்பெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தது என்பது மிகையாகாது.

கட்டடத்துக்குப் பணம் திரட்ட அவரும் ரோஸ் மேரியும் காரிலேயே நாட்டைச் சுற்றினார்கள். ஒரு பயணத்தில் 32 நாளில் 28 நகரங்கள். கட்டிவிடலாம், ஆனால் ஆண்டுதோறும் நடத்துவது எப்படி என்பதே பெரிய கேள்வி. 1957இல் அரபு வம்சாவளி அமெரிக்கர்களின் பிரதிநிதிகளாக நூறு பேர் சிகாகோவில் கூடினார்கள். நம் பெற்றோர் வெறுங்கையோடு வந்து இறங்கிய நாட்டுக்கு நன்றி செலுத்த இது நமக்குக் கிடைத்த வழி என்று தாமஸ் அவர்களிடம் எடுத்துச் சொன்னார். அன்று உருவான ஆல்சாக், அதாவது அமெரிக்க லெபனானிய சிரியக் கூட்டு அறக்கட்டளைகள் என்னும் அமைப்பு, மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதையே ஒரே வேலையாகக் கொண்டது. மளிகைக் கடைக்காரர்கள், துணி வியாபாரிகள், ஆலைத் தொழிலாளிகள் எல்லாரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கலைஞர்களும் கைகொடுத்தனர். எல்விஸ் பிரெஸ்லி, ஒரு காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் பயன்படுத்திய பொடோமாக் என்னும் உல்லாசக் கப்பலை வாங்கி 1964இல் மருத்துவமனைக்கு அளித்தார்.

1958இல் பணி தொடங்கியது. கட்டடத்தை வரைந்தவர் பால் ஆர். வில்லியம்ஸ், ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு வீடுகள் வடிவமைத்த புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். விண்மீன் வடிவில் அமைந்த அந்த வரைவுக்கு அவர் கூலி வாங்கவில்லை. 4 பிப்ரவரி 1962 அன்று மருத்துவமனை திறக்கப்பட்டது.

மூன்று விதிகள் அன்றே வைக்கப்பட்டன. இனம் பார்க்கக் கூடாது, மதம் பார்க்கக் கூடாது, பணம் கேட்கக் கூடாது. 1962இன் மெம்ஃபிஸில் முதல் விதியே பெரும் சவால். குடிநீர்க் குழாய்கூட வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாக இருந்த தென்மாநிலத்தில், ஒரே வார்டில் இரு இனக் குழந்தைகளும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தார்கள். மருத்துவரிலும் ஊழியரிலும் கறுப்பினத்தவர் இருந்தார்கள். ஆறே ஆண்டுகள் கழித்து மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும். சிகிச்சைக்கோ பயணத்துக்கோ தங்கும் இடத்துக்கோ உணவுக்கோ குடும்பங்களுக்குக் கட்டணச் சீட்டு அனுப்புவதில்லை என்ற நெறியும் தொடர்கிறது.

மருத்துவச் சாதனை

முதல் இயக்குநராக வந்த டாக்டர் டொனால்ட் பிங்கல், இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டு மீண்டவர். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் அன்று பிழைத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். மருந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே வழக்கம். பிங்கல் குணப்படுத்துவதையே இலக்காக வைத்தார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார். மருந்து எட்டாத மூளையிலும் தண்டுவட நீரிலும் நோயணுக்கள் ஒளிந்திருந்து திரும்பி வருகின்றன என்பதால், தலைக்குக் கதிர்வீச்சும் தண்டுவட நீரில் நேரடி ஊசியும் சேர்த்தார். மருந்தை இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். டோட்டல் தெரபி எனப்பட்ட இந்த முறையின் ஐந்தாம் ஆய்வில், 1960களின் இறுதியில், ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். 1972இல் பிங்கல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இந்த நோயில் செயின்ட் ஜூட் இன்று சொல்லும் பிழைப்பு விகிதம் 94 சதவீதம். மருந்து முறைகள் மேம்பட்டபின், தலைக்குக் கதிர்வீச்சு இல்லாமலே குணப்படுத்தலாம் என்று இதே மருத்துவமனை 2009இல் காட்டியது. தன் சாதனையையே திருத்தி எழுதிய இந்த நேர்மையை மருத்துவ வரலாற்றில் தனியே குறிக்க வேண்டும். இங்கே பணியாற்றிய பீட்டர் டோஹர்ட்டி 1996இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பாராட்டு மட்டுமே வந்ததில்லை. கோடிக்கணக்கான டாலர் கையிருப்பு சேர்ந்திருக்கும்போதும் சில குடும்பங்கள் மருத்துவம் சாராத செலவுகளில் திணறுகின்றன என்று புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2021இல் எழுதியது. அதன்பின் குடும்பங்களுக்கான உதவிகள் விரிவாக்கப்பட்டன. மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது முறையே. கேட்டதால் பயனும் விளைந்தது.

இறுதிக் காலம்

தாமஸ் கடைசி வரை நிகழ்ச்சிகளை விடவில்லை, வசூலையும் விடவில்லை. மெம்ஃபிஸின் கோல்ஃப் போட்டி 1970 முதல் அவர் பெயரில் நடந்து மருத்துவமனைக்கு நிதி தந்தது. 1985இல் அதிபர் ரீகன் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். 1991இல் தன்வரலாறு வெளியானது. அந்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று மருத்துவமனையின் 29ஆம் ஆண்டு விழாவில் கலந்துகொண்டார்; இரண்டு நாள் கழித்து மாரடைப்பால் காலமானார். வயது 79. உடல் மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 2000இல் ரோஸ் மேரியும் அங்கேயே அடக்கமானார். மகள் மார்லோ தாமஸ் நடிகையாகப் பெயர் பெற்றவர். மகன் டோனி தொலைக்காட்சித் தயாரிப்பாளர். இளைய மகள் டெர்ரி. மூவரும் மருத்துவமனைப் பணியைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். 2012இல் அமெரிக்க அஞ்சல் துறை தாமஸுக்குத் தபால்தலை வெளியிட்டது.

2018இல் உலக சுகாதார நிறுவனம் செயின்ட் ஜூடுடன் இணைந்து குழந்தைப் புற்றுநோய்க்கான உலகத் திட்டத்தைத் தொடங்கியது. பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடப் பிழைப்பதில்லை. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளையாவது பிழைக்கவைப்பது அந்தத் திட்டத்தின் இலக்கு.